பதினோரு மைல்

அந்தப் பயிற்சிக் கூடத்தின் நடுவில் ஒரு விமானம் இருந்தது. இறக்கை இல்லை, வால் இல்லை, சக்கரம்கூட இல்லை. ஆறு இரும்புக் கால்கள்மேல் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் விமானத்தின் முன்னறை அச்சு அசலாக இருக்கும். கண்ணாடிக்கு வெளியே மலை தெரியும், மழை பெய்யும், ஓடுதளத்தின் விளக்குகள் வரிசையாக எரியும். விமானிகள் வந்து, தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பாமல், எஞ்சின் அணைந்தால் என்ன செய்வது, மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் எப்படி இறங்குவது என்று பழகிக்கொண்டு போவார்கள். சிமுலேட்டர் என்பது அதுதான்.

அதைக் கட்டி மேய்ப்பவள் ஒரு டெக்னீஷியன். நாற்பத்து மூன்று வயது. பெட்டிக்கு ஏதாவது கோளாறு என்றால் ஓடி வருவதால் பயிற்சிக்கு வருகிறவர்கள் அவளை "டாக்டரம்மா" என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினோரு மணி இருக்கும். கூடத்தில் வேறு யாரும் இல்லை. டாக்டரம்மாவின் அக்கா வந்தாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பக்கம் பக்கமாக எண்கள்.

அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முகத்துக்கு முகம் கண்மணிகளின் இடைவெளியை அளந்து, மில்லிமீட்டர் பிசகாமல் கண்ணாடி பொருத்துகிறவள். விமானத்துக்கும் அவளுக்கும் இருந்த ஒரே உறவு அவள் புருஷன்தான். சரக்கு விமானம் ஓட்டினவர். ஐந்து மாதத்துக்கு முன்னால், மேகம் மூடிய ஒரு மாலையில், இறங்க வேண்டிய இடத்துக்குப் பதினைந்து மைல் முன்னால் இருந்த மலையில் அவருடைய விமானம் மோதிவிட்டது. அவரும் போய்விட்டார், பக்கத்தில் இருந்த துணை விமானியும் போய்விட்டான். அந்தப் பையனுக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய அம்மா அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "உன் புருஷன் என் பிள்ளையைக் கொன்னுட்டான்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கையும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். தலைமை விமானி குறிப்பிட்ட தூரத்துக்கு முன்பே கீழிறங்கினார், கவனக்குறைவு. மறுப்பு இருந்தால் வருகிற புதன்கிழமைக்குள் எழுதித் தரலாம். அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கை தப்புப் பண்ணவில்லை என்று தெரிய வேண்டும்.

"ஏறும்போதே தலை சுத்துதுடி" என்றாள் அக்கா, இரும்புப் படியில் கால் வைத்தபடி. "உன் வண்டி பறக்காமலே வாந்தி வரவைக்கும்போல."

"பெட்டி ஆடறதை நிறுத்தியாச்சு. சும்மா வா. தலையைக் குனிஞ்சுக்கோ, இடிக்கும்."

இடித்துக்கொண்டாள்.

"சொன்னேன்ல?"

"இடிச்சப்புறம் சொன்னே."

அக்கா இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். விமானியின் இருக்கை அது. உட்கார்ந்ததும் ஒரு கணம் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவர் இதே இருக்கையில்தான் இந்தப் புது ரக விமானத்தைப் பழகினார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன் அவர் ஓட்டியது வேறு ரகம், பழசு. டாக்டரம்மா பின்னால், பயிற்சியாளர் உட்காரும் திரையின் முன் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் ஒரு கருவியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், அக்காவுக்கே புரிந்தது, நமக்குப் புரியாமல் போகாது. தரையில் அங்கங்கே ரேடியோ நிலையங்கள் இருக்கின்றன. விமானி ஒரு நிலையத்தின் அலைவரிசையைத் திருப்பி வைத்தால், முள் ஒன்று அந்த நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும். அதோடு தூரம் காட்டும் பெட்டி ஒன்றும் இருக்கிறது. டி.எம்.இ. என்பார்கள். விமானம் "எங்கே இருக்கே?" என்று ஒரு ரேடியோ அலை அனுப்பும், நிலையம் "இங்கேதான்" என்று பதில் அனுப்பும். கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆனதோ, அதை மைல் கணக்காக்கி எண்ணாகக் காட்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத மேகத்துக்குள் அந்த எண்தான் கண்.

அக்கா இதையெல்லாம் யாரிடமும் கேட்டுக் கற்கவில்லை. புருஷனுடைய பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. கடை விட்டு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு அதன் முன் உட்காருவாள். முதல் மாதம் முழுக்க எழும்பின இடத்திலேயே விழுந்தாள். அப்புறம் விழவில்லை.

"அந்தப் பெட்டி நேர்த் தூரம் அளக்கல, தெரியுமா?" என்றாள் ஒரு நாள் போனில். "சாய்வா அளக்குது. மாடியிலேர்ந்து தெருவுக்குக் கயிறு கட்டின மாதிரி. ஆறாயிரம் அடி உயரத்துல நிலையத்துக்கு நேர் மேல வந்தாலும் பூஜ்யம் காட்டாது. ஒண்ணுதான் காட்டும்."

"தெரியும்கா. இருபது வருஷமா அதுதான் என் சோறு."

"தெரியும்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன? அந்த வித்தியாசம்தான் காரணமோன்னு பத்து நாள் கணக்குப் போட்டேன்."

அந்த வித்தியாசம் காரணமில்லை. அவ்வளவு தள்ளி இருக்கும்போது அது கால் மைல்கூட வராது. இங்கே இருந்ததோ ஏழு மைல். அவருடைய கடைசிப் பேச்சு பதிவாகியிருந்தது. "பதினோரு மைல், இறங்குறேன்" என்றார். ஓடுதளத்தின் பக்கம் இருக்கிற நிலையத்துக்குப் பதினோரு மைல் வந்த பிறகுதான் ஐயாயிரம் அடிக்குக் கீழே இறங்கலாம், அப்போது மலை பின்னால் போயிருக்கும். ஆனால் அவர் அதைச் சொன்ன நேரத்தில் விமானம் இருந்தது பதினெட்டு மைலில். ஏழு மைல் எங்கே போயிற்று?

அந்த வழியில் இரண்டு நிலையங்கள். ஏரிக்கரையில் ஒன்று, அதைத் தாண்டி ஏழு மைலில் ஓடுதளத்தருகே ஒன்று. அக்கா மூன்று வாரத்துக்கு முன்னால் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தாள். அதற்கு 'ஹோல்ட்' என்று பெயர். அதைப் போட்டால், முள் புது நிலையத்துக்கு மாறிவிடும், தூர எண் மட்டும் பழைய நிலையத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். போட்டாள், மறந்தவள்போல் அப்படியே விட்டாள். பதினெட்டு மைலில் பெட்டி பதினொன்று காட்டியது. புள்ளி பிசகாமல். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"உன் பெரிய மிஷின்ல அப்படி வரலைன்னா, என் வீட்டு விளையாட்டு புளுகுதுன்னு அர்த்தம்" என்றாள் இப்போது. "வந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "நீ ஆரம்பி."

டாக்டரம்மா விமானத்தை நாற்பது மைலுக்கு அப்பால், மேகத்துக்கு மேல் கொண்டுபோய் வைத்தாள். ஏரிக்கரைக்கு இருபத்தைந்து மைல் வரும்போது கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அதனால் அவர் தூரத்தை ஏரிக்கரையிலேயே 'ஹோல்ட்' போட்டு நிறுத்திவிட்டு, முள்ளை மட்டும் முன்கூட்டியே ஓடுதள நிலையத்துக்குத் திருப்பியிருப்பார். எல்லோரும் செய்வதுதான். அக்காவும் அப்படியே செய்தாள். விரல் நடுங்கவில்லை. கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கும் விரல்.

"இருபத்தஞ்சு மைல், ஏரிக்கரை" என்றாள், யாரோ கேட்பதுபோல. ஸ்விட்சைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இருபத்து நான்கு. இருபத்து மூன்று. இருபத்திரண்டு.

எண் ஒரு முறை சிமிட்டியது. இருபத்தொன்பது ஆயிற்று, ஓடுதள நிலையத்தின் தூரம்.

"ஏய்! மாறிடுச்சு" என்றாள் அக்கா. "நான் கை வைக்கல. ஸ்விட்ச் 'ஹோல்ட்'லேயே இருக்கு பாரு. தானா மாறிடுச்சு!"

டாக்டரம்மா திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடு."

இன்னொரு தடவை. அதே இருபத்திரண்டு, அதே சிமிட்டல், அதே இருபத்தொன்பது. இந்த முறை அக்கா விமானத்தை விடாமல் ஓட்டிக்கொண்டு போனாள். ஓடுதளம் பதினெட்டு மைலில் இருந்தபோது பெட்டியும் பதினெட்டு காட்டியது. பதினைந்து. மேகம் கிழிந்த ஓர் இடத்தில், கண்ணாடிக்குக் கீழே, பச்சையும் கருப்புமாக அந்த மலையின் முதுகு தெரிந்தது. தெரிந்து, அமைதியாகப் பின்னால் நகர்ந்து போயிற்று.

"மலை கீழே போயிடுச்சுடி" என்றாள் அக்கா. "கீழேயே போயிடுச்சு. அவர் மறந்திருந்தாலும் பெட்டி சரியாத்தான் காட்டியிருக்கும். வேற ஏதோ கோளாறு. அவர் கை இல்ல."

ஐந்து மாதமாக அக்காவின் முகத்தில் இல்லாத ஒன்று அப்போது இருந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். நீண்ட நாள் காய்ச்சல் விட்டவர்கள் கஞ்சி கேட்பார்களே, அந்த முகம். அவள் நோட்டைத் திறந்து வேக வேகமாக எழுத ஆரம்பித்தாள், புதன்கிழமை தர வேண்டிய மறுப்புக்கு.

பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

பத்து மாதத்துக்கு முன்னால் இந்தச் சிமுலேட்டருக்குப் புது மென்பொருள் போட்டார்கள். அடுத்த வாரமே அவள் கவனித்தாள், 'ஹோல்ட்' ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை, தானாகவே விட்டுவிடுகிறது. நிஜ விமானத்தில் அப்படி விடாது. கையால் விடுவித்தால்தான் விடும். பயிற்சியாளர் ஒருவர், எதற்கெடுத்தாலும் ஸ்டாப்வாட்ச் பார்ப்பதால் "கடிகாரம்" என்று பெயர் வாங்கினவர், "விடுங்க டாக்டரம்மா, ஒரு கை வேலை மிச்சம். அடுத்த தடவை சரிபண்ணிக்கலாம்" என்றார். அவளும் கோளாறுப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். சின்ன விஷயம். பெட்டிக்குத் தினமும் பத்துக் கோளாறு.

அத்தான் பயிற்சிக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். நான்கு நாள். மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது அவர் சொன்னதும் இப்போது காதில் ஒலித்தது. "இந்த வண்டியில எனக்குப் புடிச்சதே அந்த ஒரு ஸ்விட்ச்தான், மச்சினி. உங்க அக்கா மாதிரி. நாம சொல்லாமலே புரிஞ்சுக்குது." அவள் சிரித்தாள். அக்காவிடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றுகூட மிரட்டினாள். இது நிஜத்தில் இல்லை அத்தான், இங்கே மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் போதும்.

சொல்லவில்லை.

இப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். அக்கா எழுதிக்கொண்டிருக்கிறாள், அவள் தோள் ஐந்து மாதத்தில் முதல் முறையாகத் தளர்ந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் அக்காவுக்கு நிம்மதி, தனக்கு வேலை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நல்ல மிஷின்டி இது" என்றாள் அக்கா எழுதியபடியே. "அப்போ இங்க பழகறவங்க யாருமே அந்த ஸ்விட்சைத் திரும்பத் தொட வேண்டியதில்ல, இல்லையா? அப்படியே எழுதிடறேன்."

"எழுதாதே அக்கா."

"ஏன்?"

"மிஷின்தான் தப்பு. விமானம் உன் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரித்தான். விடாது."

அக்கா திரும்பிப் பார்த்தாள். விமானியின் இருக்கையில் முழுசாகத் திரும்ப முடியாது, பட்டைகளும் கைப்பிடியும் தடுக்கும். பாதி முகம்தான் தெரிந்தது.

"விடாதுன்னா?"

"பதினெட்டுல பதினொண்ணுதான் காட்டியிருக்கும். நீ கண்டுபிடிச்சது சரி. அத்தான் 'ஹோல்ட்'டை எடுக்கல. எடுக்கணும்னே அவருக்குத் தோணியிருக்காது. ஏன்னா இங்க... இங்க எடுக்க வேண்டியிருக்கல. தானா விட்டுடும்னு கத்துக் கொடுத்தது இந்தப் பெட்டி."

வெளியே கூடத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மேகம் நகர்ந்துகொண்டே இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பெட்டியில கோளாறுன்னு தெரியும். அத்தானோட சேர்த்துப் பார்க்கல. அறிக்கையில கருவி பத்தின பக்கத்தை நான் படிக்கவே இல்லக்கா. படிக்க முடியல." கொஞ்சம் நிறுத்தினாள். "முடியலையா, பயமான்னு எனக்கே தெரியல."

"எங்க எழுதி வெச்சே?"

டாக்டரம்மா இறங்கிப்போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தாள். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடையில் கண் டாக்டர் சீட்டுப் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்தாள். 'தூரக்கருவி ஹோல்ட் தானாக விடுபடுகிறது. பயிற்சிக்குப் பாதிப்பில்லை.' கீழே ஒரு கையெழுத்து.

"இது உன் கையெழுத்து."

"ஆமா."

"எட்டு வரி எழுத இடம் இருக்கு. ஒண்ணரை வரி எழுதியிருக்கே."

தங்கை அழுதாள். அக்கா அழவில்லை, தொடவும் இல்லை. சின்ன வயதில் தங்கை விழுந்தால் முதலில் ஓடுவது அக்காதான், அப்புறம்தான் அம்மா. இன்று அவள் நகரவில்லை. பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கடையில் வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டாள்.

"பத்து மாசத்துல எத்தனை பேர் இதுல பழகினாங்க?"

"முப்பத்தொன்பது."

"நாளைக்கு?"

"ரெண்டு பேர் வராங்க."

"அவர் போனது போச்சு. அந்தப் பையனும் போயிட்டான். மிச்சம் முப்பத்தேழு பேருக்கும் தானா விட்டுடும்னுதான் நெனப்பா?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

"போன் நம்பர் இருக்கா?"

இருந்தது. பயிற்சிப் பட்டியலில் வரிசையாக. அதற்கு முன் டாக்டரம்மா பெட்டியின் மின்சாரத்தை அணைத்து, படியின் குறுக்கே சங்கிலி போட்டு, சிவப்புச் சீட்டு ஒன்றைத் தொங்கவிட்டாள். பதிவேட்டில் புதிதாக எழுதினாள். இந்த முறை எட்டு வரியும் போதாமல் அடுத்த பக்கம் போயிற்று. திங்கட்கிழமை இதைப் படிக்கிற மேலதிகாரி என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கூடத்தின் மூலையில் பயிற்சியாளர் மேசை. அக்கா நம்பரைப் படிப்பாள், தங்கை பேசுவாள்.

"வணக்கம் சார், சிமுலேட்டர் டெக்னீஷியன் பேசறேன். ஒண்ணும் அவசரமில்ல... இல்ல சார், அவசரம்தான்."

ஒருவர் சிரித்தார். "அட, நான் அந்த ஸ்விட்சைத் தொடறதே இல்லம்மா" என்றார். ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதி இல்லையா என்று கடிந்துகொண்டார், பிறகு மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு பெண் விமானி, "போன மாசம் எனக்கு நம்பர் தாவாம நின்னுச்சு. பெட்டிதான் பழுதுன்னு நெனச்சேன். வெயில் நாள், மலை கண்ணுக்குத் தெரிஞ்சுது, தப்பிச்சேன்" என்றாள். அவள் போனை வைத்த பிறகும் தங்கை ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். அக்கா அடுத்த நம்பரைப் படித்தாள்.

பட்டியலின் நடுவில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. அக்காவின் விரல் அங்கே நின்றது, பிறகு தாண்டிப் போயிற்று.

"அந்தப் பையனோட அம்மாவை நான் நேர்ல போய்ப் பார்க்கறேன்" என்றாள். "போன்ல சொல்ற விஷயமில்ல."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னால பேச முடியாது. புதன்கிழமை குழுவுக்கு எழுதறப்போ வா. கருவி பத்தி நீதான் எழுதணும். அவர் கைதான்னும் எழுது. மறைக்காதே."

மூன்று மணிக்குள் முப்பத்து நான்கு பேரிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் எடுக்கவில்லை. அதில் ஒருவர் அரை மணியில் தானே கூப்பிட்டார். இன்னொருவர் வெளியூரில் விடுப்பில் இருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னாள். கடைசி நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் வேலை செய்யும் சரக்கு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். அங்கே இருந்தவர், "அவர் இப்போ ஆகாசத்துலம்மா. நாலு இருபதுக்கு இறங்குவார்" என்றார்.

"அவருக்கு ரேடியோல ஒரு சேதி சொல்லணும் சார்." தங்கை இரண்டு முறை விளக்கினாள்.

"'ஹோல்ட்'டை எடுக்கச் சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன், சொல்றேன்" என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

"சொல்வாரா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"அங்க வானிலை எப்படி?"

டாக்டரம்மா பார்த்தாள். "மேகம்."

மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது. அக்கா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். கிளம்புவாள் என்று தங்கை நினைத்தாள். அக்கா கிளம்பவில்லை. நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு, போனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். தங்கைக்கு இன்னொரு நாற்காலி இல்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். இருவருக்கும் நடுவில் ஆறடி தூரம் இருந்தது, அதைக் குறைக்க இருவரும் எதுவும் செய்யவில்லை.

"மறுபடி போட்டுச் சொல்லு" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "அவர் 'சொல்லிட்டேன்'னு சொல்ற வரைக்கும் போட்டுட்டே இரு."

தங்கை ரிசீவரை எடுத்தாள்.